சவுக்கு மரத்தடி பார்க்கிங்

திண்டிவனம் தாண்டி மரக்காணம் ரோட்டில், சவுக்குத் தோப்போரம், ‘நிழலில் நிறுத்தக் காசில்லை’ என்ற பலகையை நம்பி காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கிறேன். திரும்பிப் பார்த்தால் கார் கண்ணாடியெல்லாம் ஒரே பிசுபிசுப்பு, எறும்பு வேறு ஊர்கிறது. மேலே, பஞ்சு ஒட்டினாற்போல் கிளை முழுக்க மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சி உறிஞ்சி, என் கார்மேல் இனிப்பாகச் சொட்டவிடுகிறது. மரத்தின் நுனி காய்ந்தே போயிருக்கிறது.

“வேப்பெண்ணெய் அடிங்கக்கா, மரம் பொழைச்சிக்கும்” என்கிறேன் டீக்கடை அக்காவிடம்.

“தோப்புக்கெல்லாம் அடிச்சாச்சிங்க. இந்த ஒண்ண மட்டும் வுட்டு வெச்சிருக்கோம்.”

“இதை மட்டும் ஏன்?”

அக்கா சிரித்துக்கொண்டே பலகையின் மறுபக்கத்தைக் காட்டுகிறார்: ‘வாட்டர் வாஷ்’. அவர் வீட்டுக்காரர் அதற்குள் பைப்பை இழுத்துக்கொண்டு என் காரிடம் வந்துவிட்டார்.