ஒரே தாள், இரண்டு பக்கம்

டீம் லீடர் தேர்வுக்குக் குறிப்பு கொண்டுபோகலாம் என்றார்கள். ஒரே தாள். இரண்டு பக்கமும் நிரப்பலாம், ஆனால் சொந்தக் கையால் எழுதியிருக்க வேண்டும். எனக்கு இதுதான் கடைசி முறை. அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன்.

கம்பெனி பஸ்ஸிலேயே எழுதினேன். மண்ணூரில் ஏறினால் ஒரகடம் ஃபேக்டரி வரைக்கும் மடியில் அட்டை, அட்டைமேல் தாள். பஸ் நின்றால் எழுத்து முத்து முத்தாக விழும். வேகத்தடை வந்தால் துள்ளி அடுத்த வரியில் போய் உட்காரும். பாதுகாப்பு விதி, போல்ட்டை முறுக்கும் அளவு, குறைபாட்டு வகைகள் என்று நான் இத்தனை வருடம் நின்றுகொண்டே கற்றதெல்லாம் அந்த ஒரு தாளுக்குள் நெருக்கியடித்துக் குடியேறியது. ஆனந்தமான நெரிசல்!

பக்கத்து சீட்டில் தென்காசிப் பெண். எங்கள் அசெம்பிளி லைன்தான், அவளும் தேர்வு எழுதுகிறாள்.

"ஏ யக்கா, எறும்பு ஊருதாப்ல இருக்கு. பூதக்கண்ணாடி கொண்டு போலாமான்னு கேட்டியளா?"

"உன்து மட்டும் இன்னாவாம்? கோழி கிளறிவுட்ட மாதிரி கீது."

எழுதி முடித்ததும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி லேமினேஷன் போட்டேன். எங்கள் லைனில் எந்தத் தாளும் அப்படித்தான் தொங்கும். எண்ணெய்க் கை பட்டால் துடைத்துக்கொள்ளலாம். சூடு ஆறாத தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

தேர்வு அறை வாசலில் ஓர் அதிகாரி. அவர் கையெழுத்துப் போட்ட தாள்தான் உள்ளே போகும். பேனாவை வைத்தார். வழுக்கியது. அழுத்தினார். மறுபடி வழுக்கியது.

"ஏறலியேம்மா. பிளாஸ்டிக்க உரிச்சுட்டு குடு."

"உரிச்சா எழுத்தும் கூடவே வந்துடும் சார்!"

பின்னால் நின்ற தென்காசிக்காரி சட்டைப் பையிலிருந்து மஞ்சள் மார்க்கரை உருவினாள். முறுக்கி முடித்த போல்ட்டில் அடையாளம் போடுகிற மார்க்கர்.

"இதுல போடுங்க சார். இரும்புலயே பிடிக்கும்."

போட்டார். பிடித்தது. அவளும் நானும் மாறி மாறி ஊதிக் காயவைத்தோம். பிறகு அவள் தன் தாளை நீட்டினாள். அதுவும் பளபளத்தது. அவளுக்குப் பின்னால் எங்கள் லைனே வரிசைகட்டி நின்றது, கைக்குக் கை மினுமினுப்பு.

அதிகாரி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அந்த மார்க்கர இங்கயே வச்சிட்டு உள்ள போங்கம்மா!"