வேரோனிக்கா கீறின ராசவம்சம்

வேரோனிக்காவைப் பற்றி ஆராவது குறை சொன்னால் எனக்குக் கெட்ட கோவம் வரும், முதலே சொல்லிப்போட்டன். யாழ்ப்பாணத்துப் பாஷையூரில எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்ட மனிசி. எண்பத்தொன்பதில ரொறன்ரோவுக்கு வந்து, மூண்டு பிள்ளையளை வளர்த்தெடுத்து, இப்ப அறுபத்தொரு வயசிலயும் ஸ்காபரோவில ஒரு முதியோர் இல்லத்தில துவாய் மடிக்கிறா. நான் அங்க சமையலறையில வேலை. பதினாலு வருசமா ஒரே பஸ்ஸில போய் வாறம்.

ஒரு ரிவி நாடகம் அவவைப் பிடிச்சது வேலையிடத்திலதான். எண்ணூறு, தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தின இங்கிலாந்து ராசகுடும்பத்தின்ர கதை. தகப்பனோட மகன்மார் படை எடுக்கினம், ராசா தன்ர மனிசியையே பிடிச்சுச் சிறையில போடுறான், ஒரே அமளி. அங்க இருக்கிற லெஸ்லி எண்ட தொண்ணூறு வயசு வெள்ளைக்கார மனிசன் அதை ஒரு கிழமையும் விடமாட்டார். ஆனால் ஆர் ஆரெண்டு அவருக்குப் பிடிபடாது. எப்பிடிப் பிடிபடும்? அப்பனும் ஹென்றி, மகனும் ஹென்றி, பேரனும் ஹென்றி! வேரோனிக்கா துவாயை மடிச்சு மடிச்சுப் பார்த்தா. மூண்டாம் கிழமை, தமிழ்க் கடைக் கலண்டரின்ர பின்பக்கத்தில முழு வம்சத்தையும் கீறிக்கொண்டு வந்திட்டா.

நாடகத்தில எல்லாரும் எல்லாரையும் அங்கிள், கசின் எண்டுதான் சொல்லுவினம். அது அவவுக்குச் சரிவராது. "உதென்ன அங்கிள்? சித்தப்பனெண்டால் முடி தனக்கு வருமெண்டு பெடியன்ர கழுத்தை நெரிப்பான். தாய்மாமனெண்டால் காப்பாத்தப் பார்ப்பான். எந்த அங்கிளெண்டு தெரியாமல் நாடகம் பார்க்கேலுமே?" எண்டு பேசுவா. லெஸ்லிக்கும் தன்ர இங்கிலிஸில அதை விளங்கப்படுத்தி விட்டா. கடைசியில அந்த மனிசன் ரிவியைப் பார்த்துச் "சித்தப்பா! சித்தப்பா!" எண்டு கத்தத் தொடங்கிட்டுது.

ஏழாவது பாகத்தில ராணியின்ர பழைய கதை வந்தது. அவ முதல் கட்டினது பிரான்ஸ் ராசாவை. பதினைஞ்சு வருசக் குடும்பம், ரெண்டு பெட்டையள். பேந்து ஒருநாள் சேர்ச் ஆயர்மார் கூடி, நீங்கள் ரெண்டு பேரும் கிட்டின சொந்தம், உந்தக் கலியாணம் செல்லாது எண்டு பிரிச்சு விட்டினம். வேரோனிக்கா கையில இருந்த துவாயைக் கீழ போட்டிட்டு, தேத்தண்ணி கொண்டுவந்த என்னட்டைத் திரும்பினா. "எடி துர்க்கா, பதினைஞ்சு வருசமாத் தெரியாத சொந்தம் இப்ப எங்கயிருந்து வந்தது? ஆம்பிளைப் பிள்ளை இல்லையெல்லே, அதுதான் சொந்தம்!" கலண்டரில எண்ணிப் பார்த்தால், ராணி பேந்து கட்டின இங்கிலாந்து ராசா முந்தின புருசனை விடவும் கிட்டின சொந்தம். அதுக்கு ஒருத்தரும் வாய் திறக்கேல்லையாம்.

இப்ப ஜெயரட்ணம் அண்ணை வீட்டுக்கு வாறன். யூனியன்வில்லில இருக்கினம். மனிசி யோகராணி என்னோட படிச்சவ. ஒரே மகள் மயூரி. அவள் பிரியந்தன் எண்ட பெடியனை விரும்பி, ரெண்டு வீடும் கதைச்சு, ஆவணியில நாளும் வைச்சாச்சு. பங்குனியில அண்ணை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பெடியன்ர தகப்பன்ர தாயும் தன்ர தாயும் ஒண்டைவிட்ட சகோதரிகளாம். அப்ப பெடியன்ர தகப்பன் இவருக்குத் தம்பி முறை, பெடியன் மகன் முறை. "அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டிறதை நான் நிண்டு பார்க்கிறதோ? மணவறைப் பக்கமே வரமாட்டன்," எண்டிட்டார். மயூரி மோதிரத்தைக் கழட்டி பிரிஜ்ஜுக்கு மேல வைச்சாள். "அப்பா வராமல் எனக்கு வெடிங் வேண்டாம்," எண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ள போனவள்தான், ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. யோகராணி எனக்குப் போனடிச்சு அழுதா.

நான் பஸ்ஸில வேரோனிக்காவிட்டச் சொன்னன். அவ கேட்டது ஒரேயொரு கேள்வி. "பெட்டையின்ர விருப்பம் தகப்பனுக்கு எப்ப தெரியும்?"

எல்லாருக்கும் கடைசியாத்தான் எண்டு சொன்னன். யோகராணிக்கு ரெண்டு வருசமாத் தெரியும். 

"அதுதான் சொந்தம்," எண்டா வேரோனிக்கா.

அடுத்த எட்டு நாளும் அவ பட்ட பாடு! தேத்தண்ணி நேரம் முழுக்கப் போன். பாரிசில யோகராணியின்ர மாமி, லண்டனில அண்ணையின்ர பெரியப்பா மகன், நோர்வேயில இன்னும் ஆரோ. தன்ர ஊருமில்லை, தன்ர சமயமுமில்லை, அந்தச் சனத்தைத் தேடித் தேடிப் பிடிச்சு, "உங்கட அப்பாவின்ர தாய்க்கு எத்தினை சகோதரம்?" எண்டு கேட்டா. ரெண்டு பேர் ஏசிப்போட்டுப் போனை வைச்சினம். நானெண்டால் அண்டைக்கே விட்டிருப்பன். அவ கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு அடுத்த நம்பரை அடிச்சா.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சேர்ச்சில பூசை முடிஞ்ச கையோட என்னையும் இழுத்துக்கொண்டு யூனியன்வில்லுக்குப் போனா. அண்ணையின்ர சாப்பாட்டு மேசையில இன்னொரு கலண்டர் தாளை விரிச்சா.

"அண்ணை, நீங்கள் சொன்னது சரி," எண்டு தொடங்கினா. "எல்லாரையும் கேட்டுப்போட்டன். பெடியன் உங்களுக்கு மகன் முறைதான்."

அண்ணை நிமிர்ந்து இருந்தார். மாடிப்படியில நிண்ட மயூரி திரும்பி மேல போக வெளிக்கிட்டாள். 

"நில்லு பிள்ளை," எண்டா வேரோனிக்கா. விரல் தாளின்ர மற்றப் பக்கத்துக்குப் போச்சுது. "அண்ணை, இது உங்கட அம்மாவின்ர அப்பா. இது யோகராணியின்ர அப்பா. வயசு வித்தியாசம் கூடத்தான். ஆனால் இவையின்ர தாய்மார் அக்கா தங்கச்சி. அப்ப இவை ரெண்டு பேரும் சகோதரம். அப்ப உங்கட அம்மாவும் யோகராணியும்?"

அண்ணை வாய்க்குள்ள எண்ணினார். "சகோதரம்."

"அப்ப யோகராணி உங்களுக்கு?"

அண்ணை திரும்பவும் தாளில விரலை வைச்சு எண்ணத் தொடங்கினார். 

"சின்னம்மா," எண்டு யோகராணிதான் சொன்னா. குசினி வாசலில அகப்பையோட நிண்டவ.

"உது எப்பிடி? ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே!" எண்டு அண்ணை துள்ளினார்.

"ஆர் சொல்லுறது? தொண்ணூற்றிமூண்டில நீங்கள் இஞ்ச, அவ கொழும்பில. போட்டோவைப் பார்த்துக் கட்டினனீங்கள். முறை தெரிஞ்ச சனம் சண்டைக்குள்ள கிடந்தது." வேரோனிக்கா ஒரு சிவப்புப் பேனையை எடுத்து அவருக்கு முன்னால வைச்சா. "இந்தாங்கோ. பெடியனுக்குக் கீறின கோட்டை வெட்டுறதெண்டால் யோகராணிக்குக் கீறினதையும் வெட்டுங்கோ. பிரிக்கிறதுக்கு முப்பத்திரண்டு வருசம் ஒரு தடையில்லை அண்ணை. நாடகத்தில பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு பிரிச்சவை."

யோகராணி மேசைக்குக் கிட்ட வந்தா. "அப்ப நான் ஆரின்ர வீட்டை போறது?" பகிடியாத்தான் தொடங்கினவ. முடிக்கேக்க புறங்கையால கண்ணைத் துடைச்சா.

"நீர் எங்க போறது? விசர்க்கதை கதையாதையும்!" அண்ணை கத்தினார். கத்திப்போட்டு ரெண்டு கையாலயும் முகத்தை மூடினார். "ரெண்டு வருசம், யோகம். எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. நான் இந்த வீட்டில ஆர்?"

அதுவரைக்கும் அந்த மனிசனில எனக்கு ஒரு சொட்டு இரக்கமும் இருக்கேல்லை. அப்பதான் வந்தது. மயூரி படியால ஓடி வந்து தகப்பன்ர கழுத்தைக் கட்டிப் பிடிச்சாள். "சொறி அப்பா, நீங்கள் நோ சொல்லிப்போடுவியள் எண்டு பயந்திட்டன்," எண்டு அழுதாள். வேரோனிக்கா பேனையை மூடிக் கைப்பைக்குள்ள வைச்சா.

கொஞ்ச நேரத்தால அண்ணை கலண்டர் தாளை நாலா மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள திணிச்சார். "உதை வெளியில ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, வேரோனிக்கா." மூக்கைத் துடைச்சார். "பிள்ளை, அந்த மோதிரத்தை எடுத்துப் போடு. பெடியனையும் சாப்பிட வரச் சொல்லு."

பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "சின்னம்மா, வந்த ஆக்களுக்குச் சோத்தைப் போடுமன்," எண்டார்.

யோகராணி அகப்பையாலயே அவருக்கு ஒண்டு வைச்சா.