இரண்டு டீக்கா

தம்பி பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்கு அவன்மேல் பொறாமை வந்துவிட்டது. அப்போது எனக்கு ஏழு வயது. பூனாவில் விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தோம். பள்ளி ஆண்டு விழா நடனத்துக்கு நெற்றிச்சுட்டி வேண்டும் என்று வீட்டில் அழுதுகொண்டிருந்தேன். என்னோடு படித்த பெண்கள் அதை டீக்கா என்பார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அப்பா ஒவ்வொரு முறையும் “பார்க்கலாம்” என்றார். பார்க்கலாம் என்றால் கிடையாது என்பது எந்தக் குழந்தைக்குத் தெரியாது?

அப்படியிருக்கையில், பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து அப்பாவிடம், “பேபி கோ தோ டீக்கா லகேகா, பாரா கண்டே கே அந்தர்” என்றாள். குழந்தைக்கு இரண்டு டீக்கா, அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்! ஒன்று கைவசம் இருக்கிறதாம், மற்றதை விமான் நகரில் போய் வாங்கி வர வேண்டுமாம். அப்பா பார்க்கலாம் என்று சொல்லவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஸ்கூட்டரை நோக்கி ஓடினார்.

தலையில் முடியே இல்லாத பயலுக்கு இரண்டு நெற்றிச்சுட்டி. எனக்கு வயிறு எரிந்தது.

பிரசவத்துக்குத் துணையாக மதுரையிலிருந்து சித்தி வந்திருந்தாள். அவளிடம் முறையிட்டேன். இந்தி தெரியாத சித்தி என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்து, “காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாத்தாண்டி தெரியும்” என்றாள். கட்டிலில் கிடந்த அம்மா, “அந்தப் பேச்சை எடுக்காதடி!” என்று சீறினாள். சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா என் கட்சி பேசியதாக நினைத்து எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

அப்பா ஐஸ் வைத்த டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பி வந்தார். டீக்கா என்றால் இந்தியில் தடுப்பூசியும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று. தம்பி வீறிட்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அதுவும் நிலைக்கவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நேரத்துக்குள்ள போட்டாச்சு” என்று நர்ஸை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு ஊசி போட்ட யாரையும் அவர் கும்பிட்டதில்லை.

அடுத்த வாரம் அப்பாவுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் அப்பாவுக்கும் ஒரு டீக்கா. அடுத்தது நான்தானே என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் காகிதத்தைத் திரும்பவும் ஒரு தடவை படித்தார். “இஸ்கோ நஹீ லகேகா” என்றார். தம்பிக்கு இரண்டு, அப்பாவுக்கு ஒன்று, எனக்கு மட்டும் கிடையாதாம். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்க அழுதேன்.

அம்மாவின் ரத்தத்தில், பிரசவத்தில் குழந்தைக்கும் தொற்றிவிடும் காமாலைக் கிருமி இருந்தது, தம்பி வயிற்றில் இருந்தபோதுதான் தெரிந்தது. நான் பிறந்தபோது அவளை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கிருமி ஏற்கெனவே குடியேறிவிட்ட உடம்பில் அந்த ஊசிக்கு வேலையில்லை. இன்று தம்பி ரத்ததானம் செய்துவிட்டு வந்து அலட்டிக்கொள்கிறான். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்து வருகிறேன். அவன்மேல் அன்றைக்கு வந்த பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா ஸ்கூட்டரை நேராக லக்ஷ்மி ரோட்டுக்கு விட்டார். சிவப்புக் கல் வைத்த நெற்றிச்சுட்டி ஒன்றை வாங்கினார். வீட்டில் அம்மா எனக்கு வகிடெடுத்து அதை மாட்டிவிட்டாள். “என்னை மன்னிச்சிருடி” என்றாள். இவ்வளவு நாள் வாங்கித் தராததற்குத்தான் என்று நினைத்து, “பரவாயில்லம்மா” என்றேன்.

பிறகு தொட்டிலருகே போய்க் குனிந்து, கல் ஆடும்படி தலையை ஆட்டி, “உங்கிட்ட இல்லாதது எங்கிட்ட இருக்கே” என்று தம்பிக்கு அழகு காட்டினேன்.