அத்தை வீட்டுக் கூட்டில் நான் விட்ட கோழி

என் அத்தையின் கோழிகளைக் கொன்றது நான்தான். பழி ஊர்த் தெய்வம் கருப்பசாமி மேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை.

ஆடலூரில் அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தது. இரண்டு செத்ததுமே, மிச்சத்தையும் கொன்று புதைக்க அப்பா மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

"ஒண்ணு சொணங்குனா எல்லாம் போயிரும்லே. வெரசா சுண்ணாம்ப எடுத்துட்டு வா."

மிச்சமிருந்தவற்றில் என் வெள்ளைப் பெட்டையும் ஒன்று. என் கையிலிருந்து மட்டும் பொட்டுக்கடலை கொத்தும். அப்பா குழி வெட்டிக்கொண்டிருக்கையில் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, காப்பித் தோட்டச் சரிவில் இறங்கி, அத்தை வீட்டுக் கூட்டில் விட்டுவிட்டு வந்தேன். வழியில் அது ஒரு சத்தமும் போடவில்லை. அத்தையிடம் வெள்ளைக் கோழிகள் நிறைய இருந்தன. ஒன்று கூடியது அவள் கண்ணில் படவில்லை.

அத்தை கணவனை இழந்தவள். முட்டை விற்றுத்தான் தன் மகளைப் படிக்கவைத்தாள். அந்த மகளும் நானும் ஒரே வகுப்பு.

ஒரு வாரத்துக்குள் அத்தையின் கூடு காலியானது. "நேந்த சேவலக் குடுக்காமத் தள்ளிப் போட்டேன்ல, மொத்தமா எடுத்துக்கிட்டான் கருப்பன்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்று கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தேன். அடுத்த மாதம் அவள் மகள் இடுப்பில் கூடை கட்டிக் காப்பிப் பழம் பறிக்கப் போனாள். அவளுக்கு வீட்டுப்பாடக் கணக்குப் போடும் தொல்லை இல்லையே என்று பொறாமைப்பட்டேன்.

நான் படித்து வாத்தியாராகி, ஓய்வுபெற்றுக் கொடைக்கானலில் தங்கிவிட்டேன். 2006ஆம் வருடம் பறவைக் காய்ச்சல் செய்தி வந்தபோது, பேப்பரை எடுத்துக்கொண்டு ஆடலூருக்குப் பஸ் ஏறினேன். அத்தை இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் மகள் வீட்டில் கோழிகள் அடுப்படி வரை திரிந்தன. பேரப்பிள்ளைகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். எழுத்தெல்லாம் மறந்துபோயிருந்தவளுக்கு வாசித்துக் காட்டினேன். கோழிகளை அடைத்து வைக்க வேண்டும். செத்ததை வெறுங்கையால் தொடக் கூடாது, நாய் இழுத்துப்போக விடக் கூடாது. கால்நடை டாக்டருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெளியாட்களைக் கூட்டுக்கிட்ட விடக் கூடாது. வாசித்து முடித்துவிட்டு, அந்தப் பழைய கதையையும் சொன்னேன்.

அவள் மடியில் ஏறிய கோழியைக் கீழே இறக்கிவிட்டாள்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் அந்தக் கருப்பன் கோயில் வாசல்ல நின்னு, நான் என்னப்பா தப்புப் பண்ணுனேன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு மச்சான். அதுகிட்டப் போயிச் சொல்லுங்க."

மறுபடி போனபோது கோழிகள் வலைக்குள் இருந்தன. பிள்ளைகள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் வேலிப்படலில் கை வைத்தேன்.

"அங்கனயே நில்லுங்க மச்சான். வெளியாள உள்ள விடக் கூடாதுன்னு நீங்கதான வாசிச்சீங்க."

நின்றேன். சரிவில் காப்பிச் செடிகள் அப்படியே இருந்தன. அன்று அந்த வழியில், துண்டுக்குள் உடம்பு சுட, அசையாமல் கிடந்தது என் கோழி. என்னை நம்பித்தான் அப்படிக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.