கோரிங்கின் இடது குதிகால்

தொப். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் தொப்.

படுக்கையறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கோரிங்கின் கணவர், வாடகை டிரைசைக்கிள் ஓட்டும் பான்யோ, காபிக் கோப்பையை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டார்.

"எண்ணுங்க மேம்," என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "கட்டில்லேருந்து கதவு வரைக்கும் நேத்து ஒம்பது குதி. இன்னிக்கி கூடும்."

பதினோராவது குதிக்குப் பிறகு கதவு திறந்தது. கோரிங் வலது காலில் நின்றபடி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோளில் ராக்கெட் பை. முகம் வெளுத்திருந்தது.

"என்ன ரெண்டு பேரும் பேயைப் பாத்த மாதிரி பாக்குறீங்க? வாங்க மேம். தெல்மா காத்துக்கிட்டிருப்பா."

"மா, இன்னிக்கி ஒரு நாள் விடேன்," என்றார் பான்யோ.

"நீ உன் டிரைசைக்கிளுக்கு ஒரு நாள் லீவு விடு. நான் என் காலுக்கு விடறேன்."

பான்யோ தன் காபியை என் பக்கம் தள்ளினார்.

பிலிப்பைன்ஸின் டூமகெட்டே நகரில் நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் உயர்நிலைப் பள்ளியின் கேன்டீனில் கோரிங் இருபத்து நான்கு வருடமாகச் சமைக்கிறாள். காலை ஏழிலிருந்து மாலை மூன்றுவரை சிமென்ட் தரையில் நின்றே வேலை. அதற்கு முன்னால், ஐந்து மணிக்கு, சிற்றாலயத்தின் பின்னால் இருக்கும் கோர்ட்டில் எங்களோடு டென்னிஸ். முப்பத்தைந்து வயதில்தான் முதன்முதலாக ராக்கெட்டைத் தொட்டாள். அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் ஒரே ஜோடி, தெல்மாதான். தையல்காரி தெல்மா, கோரிங்கின் மூத்த மகளுக்கு ஞானத்தாய். அதனால் ஒருவருக்கொருவர் 'மாரே'. தெல்மா அழகாக அடிப்பாள், ஆனால் ஓட மாட்டாள். அவளுக்கும் சேர்த்து ஓடுவது கோரிங். ஆடு மேய்கிற மாதிரி கோர்ட் முழுக்க அவள்தான் திரிவாள் என்று ஊரே சிரிக்கும்.

அந்த ஜூன் மாதம் தெல்மாவின் மகன் கனடாவிலிருந்து காகிதங்கள் அனுப்பிவிட்டான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள டிசம்பர் முதல் வாரத்தில் அவள் கிளம்ப வேண்டும். நவம்பர் இருபத்தைந்தாம் தேதி புனித கத்தரீனாள் திருவிழா. திருவிழா டென்னிஸ் போட்டியில் அந்த ஜோடி ஆடாத வருடம் கிடையாது, அரையிறுதியைத் தாண்டிய வருடமும் கிடையாது. இந்த முறைதான் கடைசி. தெல்மா அதை வாய்விட்டுச் சொன்னதும் கோரிங் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் இடது குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலி தொடங்கியதும் அதே மாதம்தான்.

அந்த வலிக்கு ஒரு விசித்திரக் குணம் இருந்தது. விடியற்காலையில் முதல் அடி வைக்கும்போது உயிர் போகும். கோர்ட்டில் பத்து நிமிடம் ஆடினால் காணாமல் போகும். ஆடி முடித்து, நாங்கள் எல்லோரும் சந்தையில் உட்கார்ந்து புட்டோமாயா என்கிற ஒட்டரிசிச் சோற்றையும் சிக்வாத்தே என்கிற சூடான சாக்லேட்டையும் சாப்பிட்டுவிட்டு எழுந்தால், திரும்பி வந்து நிற்கும்.

"நல்லா யோசிச்சுப் பாரு மாரே," என்றாள் தெல்மா, சாக்லேட் ஒட்டிய உதட்டைத் துடைத்துக்கொண்டே. "படுத்து எந்திரிச்சா வலிக்குது. உக்காந்து எந்திரிச்சா வலிக்குது. ஆடினா போயிடுது. அப்ப நோய் எதுல இருக்கு? படுக்கறதுல இருக்கு."

"அப்ப நான் நின்னுக்கிட்டே தூங்கணுமா?"

"நிறைய ஆடுன்னு சொல்றேன். உடம்புல சூடு இருக்கறவரைக்கும் வலி கிட்ட வராது. சூடு ஆறினா பாஸ்மாதான்."

பாஸ்மா என்றால் எங்கள் ஊரில் அடுத்த பேச்சில்லை. சூடான உடம்பில் குளிர் பட்டால் நரம்பு கெடும், கை நடுங்கும் என்று பயந்து, ஆடி முடித்தவர்கள் ஒரு மணி நேரம் கை கழுவ மாட்டார்கள். துணி இஸ்திரி போட்ட பெண் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க மாட்டாள். ஆகவே தெல்மாவின் வாதம் எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. அறிவியல் டீச்சரான எனக்கும் பட்டது என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். ஜூலை முழுவதும் கோரிங் காலையிலும் ஆடினாள், மாலையிலும் ஆடினாள்.

ஆகஸ்டில் ஒரு மதியம், இருநூறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, சோற்றுப் பானையைத் தூக்கிய கோரிங் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். பானையை மட்டும் கவிழவிடவில்லை. மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, "மேம், இதை யாராவது வாங்குங்க, சுடுது," என்றாள். அந்த நேரத்திலும் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அன்று மாலையே அவளை ஒரு பிசியோதெரபி கிளினிக்குக் கூட்டிப் போனேன். ரிசெல் என்கிற சின்னப் பெண் கோரிங்கின் பாதத்தைத் திருப்பி, குதிகாலின் உள்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாள். கோரிங் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிளான்டர் ஃபேசைட்டிஸ் ஆன்ட்டி. குதிகால்லேருந்து விரல் வரைக்கும் ஓடற நார் நைஞ்சிருக்கு."

"ஆடும்போது வலிக்கறதே இல்லையே, இண்டாய்," என்றாள் கோரிங், மகளைக் கூப்பிடுவதுபோல்.

"சூட்டுல இளகுது, அதனால தெரியல. ராத்திரி இறுகுது. காலையில நீங்க தடால்னு மிதிக்கறப்ப அதை வெடுக்குன்னு இழுக்கறீங்க. ஜூலை பூரா தினம் ரெண்டு வேளை இழுத்திருக்கீங்க."

கோரிங் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

"திருவிழாவுக்கு ஆடணும். பதினாலு வாரம் இருக்கு," என்றாள் கோரிங்.

"நான் சொல்றதை ஒரு நாள் விடாம செய்யுங்க. அப்புறம் பாக்கலாம். ஆடலாம்னு சொல்லல ஆன்ட்டி, பாக்கலாம்னுதான் சொல்றேன்."

சொன்னதெல்லாம் கேட்க எளிது. கட்டிலைவிட்டு இறங்கும் முன் துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். படி விளிம்பில் விரல்களுக்கடியில் சுருட்டிய துணியை வைத்து நின்று, குதிகாலை மெல்ல ஏற்றி மெல்ல இறக்க வேண்டும். வீட்டுக்குள்கூட வெறுங்காலும் ரப்பர் செருப்பும் கூடாது. நார் ஆறும்வரைக்கும் ஓட்டமே கிடையாது. வலி எடுத்தால் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டலாம்.

"உறைஞ்ச பாட்டிலா?" வெளியே வந்ததும் கோரிங் கேட்டாள். "நல்ல பொண்ணுதான். ஆனா என்னைக் கொல்லப் பாக்குது, மேம்."

ஆனாலும் செய்தாள். அவள் செய்ததைத்தான் நான் எழுத வேண்டும். ஒரு பந்தயத்தை வெல்வது ஒரு நாள் வேலை. யாரும் கைதட்டாத ஒரு காரியத்தைப் பதினாலு வாரம் செய்வதற்கு வேறொரு நெஞ்சு வேண்டும்.

வீட்டுக்குள் ஷூ போட்டு நடப்பவரை எங்கள் தெருவில் யாரும் கண்டதில்லை. கோரிங் ஒரு புது ஜோடி வாங்கி, அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகாமல், வீட்டு மாதா சுரூபத்தின் முன்னாலும் அதைப் போட்டபடியே நின்றாள். "மாதாவுக்குத் தெரியும், இது வெளியே போகாத ஷூ," என்று கேட்டவர்களிடம் சொன்னாள். கேன்டீனில் அடுப்புக்கு முன்னால், மழலையர் வகுப்பிலிருந்து கேட்டு வாங்கிய எழுத்துப் போட்ட ரப்பர் பாயை விரித்து, அதன்மேல் நின்று சமைத்தாள்.

எல்லாவற்றிலும் என்னைக் கலங்க அடித்தது வேறு. ஆடக் கூடாது என்றான பிறகும் அவள் ஐந்து மணிக்குக் கோர்ட்டுக்கு வந்தாள். நாங்கள் ஆட, சிற்றாலயப் படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். பந்து ராக்கெட்டில் படும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தோள் தானாக அசையும்.

"கோரிங், பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே," என்று கத்துவார் கிழவர் மனோங் உல்டிங்.

"உங்க சர்வீஸைப் பாத்தா ஜெபம் பண்ணாம இருக்க முடியல, மனோங்."

பாட்டில் விஷயம்தான் சரிவரவில்லை. காலையில் ஃப்ரீசரில் வைத்தால் மாலையில் வெறும் தண்ணீர். ஃப்ரீசர் கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் நம்பினாள். ஒரு நாள் பள்ளி சீக்கிரம் விட, வீட்டுக்கு வந்தால், பாட்டில் கொல்லைச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் பான்யோ. வாசலைக் காவல் காத்தபடி தெல்மா.

"யார் யோசனை இது?"

பான்யோ தெல்மாவைக் காட்டினார். தெல்மா பான்யோவைக் காட்டினாள்.

"உனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சா ராக்கெட்டை எப்படிப் பிடிப்ப, மாரே?" தெல்மாவின் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. "நான் போனப்புறம் உன்னை யார் பாத்துப்பா?"

கோரிங் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரிசெலிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "எங்கம்மாவும் இதான் சொல்வாங்க. ஐஸ் வலியை மரத்துப்போக வைக்கும், அவ்ளோதான். அதை விடுங்க. படியில செய்யறதை மட்டும் விட்டுடாதீங்க."

அக்டோபர் கடைசியில் காலைக் குதிகள் நின்றன. நவம்பர் நடுவில் ரிசெல் அனுமதி கொடுத்தாள். வலைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இந்தப் பக்கம் மூன்று அடி, அந்தப் பக்கம் மூன்று அடி. பின்னால் திரும்பி ஓடவே கூடாது.

"ஓடினா?"

"இன்னும் முழுசா ஆறல ஆன்ட்டி. ஒரே ஒரு வேக ஓட்டம் போதும், திரும்ப முதல்லேருந்து. அப்புறம் மறுபடி ஆட ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம்."

இதைக் கோரிங் தெல்மாவிடம் மறைக்கவில்லை. "அறுபது வயசுல என்னை ஓட வைக்கறியே," என்று தெல்மா முனகினாள். ஆனாலும் ஓடினாள். பத்தொன்பது வருடமாக ஓடாத தெல்மா, அந்தத் திருவிழாவில் மூச்சிரைக்க மூலைக்கு மூலை ஓடினாள். கோரிங் வலையருகே மரம்போல் நின்று, கைக்கு எட்டியதையெல்லாம் வெட்டினாள். முதல் சுற்றில் வென்றார்கள். இரண்டாவதிலும் வென்றார்கள்.

அரையிறுதியில் எதிரே வலென்சியாவிலிருந்து வந்த அக்காவும் தங்கையும். எட்டு ஆட்டம் முதலில் எடுப்பவர் இறுதிக்குப் போகலாம். எதிரிகள் ஏழு, இவர்கள் ஆறு. எட்டாவதையும் எடுக்க எதிரிகளுக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி; அது போனால் எல்லாம் முடிந்தது. அக்காக்காரி பந்தைக் கோரிங்கின் தலைக்குமேல் உயரத் தூக்கி அடித்தாள். தெல்மா கோர்ட்டின் அந்தக் கோடியில் இருந்தாள். கோரிங் சட்டென்று திரும்பினாள். ஒரு அடி வைத்தாள். ஊரே எழுந்து நின்றது, ஏனென்றால் அந்தப் பந்தைக் கோரிங் எடுப்பதை நூறு தடவை பார்த்த ஊர் அது.

அவள் நின்றுவிட்டாள்.

பந்து கோட்டுக்குள் விழுந்து எழும்பி, மறுபடி விழுந்தது. தெல்மா ராக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டாள்.

திருவிழா அன்று அழைக்காமலே எல்லோர் வீட்டிலும் எல்லோரும் சாப்பிடுகிற ஊர் இது. கோரிங் வீட்டு மேசையில் அன்று தெல்மாவுக்காக ஒரு தட்டு மாலைவரை மூடியே இருந்தது. அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஆறு நாள் கோரிங் படியில் குதிகாலை ஏற்றி இறக்கினாள்.

டிசம்பர் முதல் தேதி மாலை, நான் அங்கே இருந்தபோது தெல்மா வந்தாள். மறுநாள் விமானம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

"அந்தப் பந்து எட்டுமா, எட்டாதா? அதை மட்டும் சொல்லு."

"எட்டும்," என்றாள் கோரிங்.

"அதான் எனக்குக் கோவம். எட்டாதுன்னு பொய்யாவது சொல்லியிருக்கலாம்." தெல்மாவின் குரல் உடைந்தது. "கடைசி ஆட்டம், மாரே. எனக்காக ஒரு தடவை ஓடியிருக்கக் கூடாதா? நான் உனக்காக மூணு ஆட்டம் ஓடினேனே. இன்னும் முட்டி வலிக்குது."

"யார் சொன்னா அது கடைசின்னு?"

"நான் போறேன்ல?"

"ரெண்டு வருஷத்துல நீ லீவுக்கு வருவன்னு உன் மகன் சொன்னான்ல? அப்ப உனக்கு அறுபத்திரெண்டு. கனடா குளிர்ல உக்காந்து சாப்பிட்டு இன்னும் குண்டாயிருப்ப." கோரிங் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "அன்னிக்கி ஓடியிருந்தா ஒருவேளை இறுதிக்குப் போயிருப்போம். கோப்பைகூடக் கிடைச்சிருக்கும். நீ திரும்பி வர்றப்ப நான் கோர்ட்டுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். எனக்கு அந்தக் கோப்பை வேணாம். நீ வர்றப்ப உன்கூட ஆடணும். அதுக்குத்தான் நின்னேன். நிக்கறதுக்கு எனக்கு எவ்ளோ வலிச்சுதுன்னு உனக்குத் தெரியாது."

தெல்மா தன் மாரேயைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் தேம்பினாள். பான்யோ டிரைசைக்கிள் சாவியைத் தேடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டார். நான் போகவில்லை. எனக்கும் அழ ஓர் இடம் வேண்டுமே.

"ஏறு மாரே, நானே கொண்டுபோய் விடறேன்," என்று பான்யோ வெளியிலிருந்து கூப்பிட்டார். தெல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அங்க ஒரு உள்ளரங்கக் கோர்ட் இருக்காம். பையன் சொன்னான்," என்றாள். "தினம் கொஞ்சம் ஓடிப் பாக்கறேன்."

"வெறுங்கால்ல நடக்காத," என்றாள் கோரிங்.

டிரைசைக்கிளின் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. அதன் பிறகும் சற்று நேரம் வாசலில் நின்றவள், உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.