ஜன்னல் மட்டத்தில் நின்ற வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். பூசிங்கேவுக்கு இரண்டையுமே பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஹொய்மா நகருக்குத் தெற்கே, அப்பா பிரித்துக் கொடுத்த மேட்டு நிலத்தில் அவன் எழுப்பிய சுவர் ஜன்னல் மட்டத்திலேயே நின்று நான்கு வருஷமாகிறது. கச்சா எண்ணெய்க் குழாய் தான்சானியக் கடற்கரை வரை போகிறதாம். போகிற வழியில்தான் இவன் நிலமும் இருக்க வேண்டுமா?

குழாய் நிறுவனத்திலிருந்து அளக்க வந்தவர்கள் சுவரைப் படம் பிடித்தார்கள். "இதுக்கு மேல ஒரு கல்லு வைக்கக் கூடாது. வாழை, காப்பி நடக் கூடாது. மீறினா நஷ்டஈடு கிடையாது. ஆறு மாசத்துல வர்றோம்" என்றார்கள். எந்தக் காலண்டர்படி ஆறு மாசம் என்று சொல்லவில்லை. கூட்டம் மட்டும் தவறாமல் போட்டார்கள். ஆளுக்கொரு சோடா, ஒரு ரொட்டி. சுடாத செங்கல் மழையில் கரைந்துகொண்டிருந்தது.

சொந்த வீடில்லாதவனுக்கு அந்தப் பக்கத்தில் யாரும் பெண் கொடுப்பதில்லை. குனிஹிரா அவனுக்காகக் காத்திருந்தாள். அவள் அப்பா முகென்யியின் பொறுமைதான் தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கத்து மரியாதைப்படி அவரும் அவனை அமூட்டி என்ற செல்லப்பெயரில்தான் அழைத்தார். வார்த்தையில் மட்டும் முள் இருந்தது.

"அமூட்டி, குழாய் குழாய்ங்கிற. எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே! உன் சுவரு கரையுது, என் பொண்ணுக்கு வயசு ஏறுது. சனிக்கிழமை மசிந்தியிலேர்ந்து பொண்ணு கேட்டு வர்றாங்க. கட்ட விடாமத் தடுத்தாங்கன்னு ஏதாவது காகிதம் இருந்தா அதுக்குள்ள கொண்டா."

வியாழக்கிழமை நிறுவனத்து ஆள் கென்னத் மோட்டார் சைக்கிளில் தானாகவே வந்து இறங்கினான். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல சேதி, அமூட்டி! குழாய் வழி மாறிடுச்சு. நிலம் உங்களுக்கே. தாராளமா வீடு கட்டிக்கோங்க."

கடிதத்தை நீட்டினான். கட்டக் கூடாதென்று சொன்னது, இப்போது விட்டது, எல்லாமே அதில் இருந்தது. படித்துப் பார்த்த பூசிங்கே பிழைத்தோம் என்று நினைத்தான்.

"வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடுங்க. தேதி மட்டும் மேல இருக்கிறதையே போட்டுடுங்க. ஃபைல் ஒத்துவரணும் பாருங்க."

மேலே இருந்த தேதிக்கு இரண்டு வயசு.

"ரெண்டு வருஷமா இத எங்க வச்சிருந்தீங்க?"

"ஆபீஸ்லதான். உங்க ஊருக்கு ஆள் வரல."

"இந்தத் தேதியப் போட்டா, ரெண்டு வருஷமா தெரிஞ்சே கட்டாம இருந்தேன்னு ஆயிடுமே! பொண்ணோட அப்பா என்னைக் காறித் துப்புவாரு."

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான்."

பூசிங்கே பேனாவை வாங்கி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டான். கென்னத் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான், கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"அப்ப இது செல்லாது. வேற அடிச்சு எடுத்துட்டு வர்றேன்."

"எப்போ?"

"சீக்கிரம்."

சனிக்கிழமை மசிந்திக்காரர்கள் வருவதற்கு முன்பே பூசிங்கே வெறுங்கையோடு போய் நின்றான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். குனிஹிரா கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தாள். முகென்யி கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பொய் சொல்றதுன்னா, கொஞ்சமாவது நம்புற மாதிரி சொல்லுப்பா, அமூட்டி."