சீட்டில்லாமல் சுற்றிய வார இதழ்

சத்துவாச்சாரியில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில், எந்த வார இதழ் வந்தாலும் அட்டையில் ஒரு சுற்றுச்சீட்டைக் குத்துவேன். சீட்டில் ஊழியர்கள் ஐந்து பேரின் பெயர் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அடுத்தவர் மேஜைக்கு அனுப்ப வேண்டும். கடைசிப் பெயர் என்னுடையது. தாமதமானால் நேரில் போய் நிற்பேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே பேனாவைத் தேடுவார்கள்.

அன்று வந்த இதழைப் பிரித்தால் நடுப்பக்கத்தில் என் கதை. புனைபெயரில் அனுப்பியது, வீட்டுக்குக்கூடத் தெரியாது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தைக்கும் ஒரு பெண்ணின் கதை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பீரோவுக்குப் பின்னால் போய் நின்று தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன். எழுதியது நான் என்று தெரியாமலே யாராவது ஒருவர் அதைப் படித்துவிட்டு ஏதாவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

சீட்டைக் குத்தி அனுப்பினேன். அரை மணியில் நான்கு கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஒருவரும் பிரித்த மாதிரியே இல்லை. எல்லாம் விரட்டி விரட்டி நானே பழக்கியது. சொந்தச் செலவில் சூனியம்.

கையெழுத்து தெளிவாக இல்லை என்று புளுகி மறுபடி அனுப்பினேன். இன்னும் பெரிய கையெழுத்துகளோடு, இன்னும் சீக்கிரமாக வந்தது.

வெறுத்துப்போய் சீட்டைக் கிழித்துவிட்டு, இதழை டீ குடிக்கிற மேஜையில் போட்டேன். சாயங்காலம் காணோம். மறுநாளும் இல்லை. வேறு இதழாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். இதற்கு வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள், சீட்டில் பெயர் இல்லாத எங்கள் பைண்டிங் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மேடம், அந்த புக்கு நான்தான் எடுத்தேன். சீட்டு இல்லியே, பழசுன்னு நெனச்சி வூட்டுக்கு எடுத்துனு போய்ட்டேன். எங்க வூட்ல ஷூ கம்பெனிக்குப் போறா இல்ல, அவ கம்பெனி வேனுக்கு எடுத்துனு போய்ட்டா. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் படிக்கிறாங்க."

"இன்னா படிக்கிறாங்க?"

"யாரோ நம்ம பக்கத்து ஆளு எழுதுன கதையாம். அப்டியே நாங்க தைக்கிற லைன் மாதிரியே இருக்குதுன்றா. ஒரு தப்பு மட்டும் இருக்குதாம். டீ பெல் அடிச்சப்புறம் மிஷின் ஓடாதாம்."

என் கதையில் ஓடியது. தப்பைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் படித்திருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"திட்டாதீங்க மேடம். இன்னும் ஆறு பேரு பாக்கி. நாளைக்கே வெரட்டி வாங்கினு வர்றேன்."

"வெரட்டாதீங்கண்ணா," என்றேன். "மெதுவா வரட்டும்."

எனக்குக் காய்ச்சலோ என்பதுபோல அவர் பார்த்தார்.